சொல்லிக்கொண்டு போனவள்

அக்கா ஒரு நாளும் முதலில் ஃபோனை வைத்தவள் இல்லை. பேச்சு முடிந்துவிடும், "சரி, வைக்கிறேன்" என்றும் சொல்லிவிடுவாள், ஆனால் வைக்கமாட்டாள். இந்தப் பக்கம் நாம் "சரிக்கா" என்று சொல்லி, அது அவள் காதில் விழுந்து, நாம் வைக்கிற சத்தமும் கேட்ட பிறகுதான் அவள் கை ரிசீவரை இறக்கும். நான் வேண்டுமென்றே வைக்காமல் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில், "தம்பி, நீ அங்கதான் இருக்கேன்னு தெரியும். வெச்சுட்டு வேலையப் பாரு" என்பாள். அப்போதும் வைக்கமாட்டாள்.

ஃபிஜியில், நமாகா மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்கும் அக்கா. விமான நிலையத்தை ஒட்டிய சரக்கு ஷெட்டின் ஃபோர்மேன், சபேட்டோ கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜியர், அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு "மிஸ் அக்கா" என்பார். அவள் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. நானும் இங்கே அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்கே அது வேறு யாரோ மாதிரி இருக்கும்.

எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வந்தது கோயிலில் நடந்த வாரக்கடைசி வகுப்பில்தான். கடையில் வாடிக்கையாளர்களோடு இந்த நாட்டு இந்தி, முதலாளியோடு இங்கிலீஷ், சண்டை போடும்போது மட்டும் தமிழ். அதனால் எங்களுக்குள் தமிழ் நிறையவே புழங்கியது.

அந்தக் கோயிலில் தீமிதி என்றால் கூட்டம் தாங்காது. லௌடோகா, பா என்று வேறு ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கடைசி ஆள் குண்டத்தைத் தாண்டிப் பாலில் கால் வைத்ததுதான் தாமதம், ஊர் கலைந்துவிடும். அக்கா மட்டும் போகமாட்டாள். கொடி இறக்க வேண்டும், காப்பு அவிழ்க்க வேண்டும், கரகத்துத் தண்ணீரை ஆற்றில் விட வேண்டும், இரவல் வாங்கிய அண்டாக்களைக் கழுவி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பூசாரியே களைத்துப்போய், "எல்லாம் ஆச்சும்மா" என்பார். "எனக்கு இன்னும் ஆகலை சாமி" என்பாள் அக்கா. "கட்டின வரிசைக்கு எதிர்வரிசையில அவுக்கணும். கடைசியா கட்டினது முதல்ல அவுரணும். தீ மிதிச்சத ஊரே பேசும். காப்பு அவுத்தத யாரு பேசறா?"

நானோ சுவிட்சை அணைத்துப் போடுகிற கட்சி. கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் பின்பக்கம் கையை விட்டு வயரைப் பிடுங்குவேன். பிடுங்கிச் சொருகினால் பாதி வியாதி போய்விடும் என்பது என் அனுபவம். அக்கா அதைப் பார்த்தால் யாரோ பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நிரலாக மூடி, மெஷினே "இப்போது அணைக்கலாம்" என்று சொல்லும்வரை நின்று, பிறகு அணைப்பாள். இதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும்.

பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் வந்த அன்றைக்கும் சண்டை போட்டோம். தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகள் எரிகின்றன என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். நமாகா முழுவதும் தடதடவென்று ஷட்டர்கள் இறங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அப்பா அம்மா வுனிமோனோவில் இருந்தார்கள், அது சுவாவுக்குப் பக்கம். அக்கா மேஜைமேல் இருந்த ஃபோனை என் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல வீட்டுக்குப் பேசு."

நான் பேசினேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், நீ அங்கேயே இரு என்றார் அப்பா. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா கடையில் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் பாதி சுட்ட ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, நாடே விழுது. நீங்க ஷட்டவுன் குடுத்திட்டு நிக்கறீங்க."

"நாடு விழுதுன்னு இதையும் விழ வைக்கணுமா? கொஞ்சம் நில்லு. ஆயிடும்."

ஷட்டரை இறக்குவதற்கு முன் பக்கத்துக் கடைக்குள் போய் அடுப்பையும் அணைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று நினைத்தால் கோபம் இருந்த இடத்தில் பெருமைதான் இருக்கிறது. ஊர் முழுக்க ஓடின அந்த நேரத்தில் நடந்துபோன ஒரே ஆளோடு நான் வேலை பார்த்தேன்.

இப்படிப்பட்டவள் எழுதின நிரலுக்குத்தான் போகத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

சரக்கு ஷெட்டில் ஒரு பெரிய தராசு உண்டு. பப்பாளி, இஞ்சி, ஐஸில் வைத்த மீன் எல்லாம் அதில் ஏறி எடை பார்த்த பிறகுதான் விமானத்துக்குப் போகும். தராசிலிருந்து எடை நேராகக் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு கார்டு இருந்தது, ஆனால் அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் இல்லை. டிரைவர் என்றால் இங்கே சின்ன நிரல்தான். தராசு சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைப்பது அதன் வேலை. இயங்குதளத்தின் நடு உயிர் மாதிரி இருக்கும் பகுதியைக் கெர்னல் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரை அதற்குள் ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். அக்கா புத்தகங்களை வரவழைத்துப் படித்து, அந்த டிரைவரைத் தானே எழுதினாள். இந்தத் தீவுகளில் வேறு யாராவது அப்போது இப்படி எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. நமாகாவில் அவள் ஒருத்திதான். கரும்பு போடுகிறவர் பெண் கெர்னலுக்குள் கை வைத்தாள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டிரைவர் ஏறியது, எடை வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். சிக்கல் இறக்கும்போதுதான். கரண்ட் போய் வந்தால் மெஷின் பேட்டரியில் தாங்கும், தராசின் கார்டு மட்டும் மயங்கிவிடும். அதைத் தெளியவைக்க டிரைவரை ஒரு தடவை இறக்கி ஏற்ற வேண்டும். அப்படி இறக்கும்போது சில நேரம் மெஷின் மொத்தமாக விழுந்துவிடும். கறுப்புத் திரையில் எண்களும் எழுத்துகளும் கொட்டும், அப்புறம் எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. கெர்னல் பேனிக் என்பார்கள். விழுந்த மெஷின் எழுந்திருக்கும்போது வட்டு முழுவதையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதற்குள் வெளியே வெயிலில் மீன் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருக்கும்.

"போகத் தெரியாத பிள்ளையப் பெத்திருக்கீங்கக்கா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.  அன்று டீ நேரத்தில் எனக்கு எப்போதும் எடுத்துவைக்கிற பிஸ்கட்டை அவள் எடுத்துவைக்கவில்லை.

அந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்னால் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பின்னால் அது பிழைப்புக்கே ஆபத்து. சுற்றுலாக்காரர்கள் நின்றுபோனார்கள், விமானங்கள் குறைந்தன. இருக்கிற விமானத்தில் சரக்கு ஏறினால் ஏறியது, இல்லாவிட்டால் இல்லை. சரக்கு ஏற்றும் நேரத்தில் இன்னொரு தடவை மெஷின் விழுந்தால் எடை போடும் வேலையை சுவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நௌசோரி விமான நிலையத்துக்கு மாற்றிவிடுவோம் என்று ஷெட் மேலாளர் சொல்லிவிட்டார். ஃபோர்மேனுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் சபேட்டோக்காரர்கள், பாதிப் பேர் நம்மவர்கள், பாதிப் பேர் ஃபிஜியர்கள். எல்லோருக்கும் வீட்டில் உலை கொதித்தது அந்தத் தராசை நம்பித்தான்.

அதே சமயத்தில் அக்காவும் கிளம்ப வேண்டி வந்தது. அவர்கள் குடும்பம் கரும்பு போட்ட சபேட்டோ நிலம் ஃபோர்மேனுடைய கிராமத்தாரின் நிலம். குத்தகை முடிந்தது, நீட்டவில்லை. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மாவை முன்பே சிட்னியில் இருக்கும் அண்ணன் அழைத்துக்கொண்டுவிட்டான். இவளுக்கும் விசா வந்தது, அழைத்துப்போக அண்ணனே வந்தான். பல வருஷத்துக்கு முன்னால் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த கையோடு ஒருவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறியவன் அவன்.

போகிறவர்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்த காலம். நேற்று வரை வேலை பார்த்த ஆள் இன்று வரமாட்டார், கேட்டால் ஆக்லாந்து என்பார்கள். எத்தனையோ மெஷின்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள், நாங்களும் பிறகு தட்டுத்தடுமாறிச் சரி செய்தோம். அக்கா நினைத்திருந்தால் அப்படிப் போயிருக்கலாம். அண்ணனும் அதைத்தான் சொன்னான்.

"பெட்டி கட்டற நேரத்துல யாருக்கோ தராசு ரிப்பேர் பண்ணிட்டு இருக்கியே."

"என் டிரைவர்ணா அது. நான் போன அன்னிக்கு அது விழுந்தா நான் தள்ளிவிட்ட மாதிரி."

தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போய்விடுவாள். நானும் போவேன். மெஷின் விழுந்ததும் திரையில் கொட்டுவதையெல்லாம் பப்பாளிப் பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதிக்கொள்வாள். மெஷின் விழுந்துவிட்டதால் அதைத் தனக்குள் சேமிக்க முடியாது, பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை என்னை அணைக்க விடமாட்டாள். பிறகு அந்த எண்களை வைத்துக்கொண்டு, கெர்னல் எந்த இடத்துக்குப் போகப் பார்த்தது, அங்கே யார் குடியிருந்தார் என்று தேடுவாள்.

ஒரு நாள் மூடியை என்னிடம் காட்டினாள். "இது என் டிரைவர் இருந்த இடம். இறக்கியாச்சு, காலி பண்ணியாச்சு. காலி பண்ணின வீட்டு வாசல்ல யாரோ வந்து மணி அடிக்கிறாங்க தம்பி. உள்ள ஆள் இல்லை, அதான் கெர்னல் மிரண்டு போகுது."

மணி யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. நிரலுக்குள் அலாரம் மாதிரி அவளே வைத்ததுதான். நொடிக்குப் பல தடவை அந்த மணி அடிக்கும், டிரைவர் எழுந்துபோய்த் தராசைப் பார்த்து எடையை வாங்கும், வாங்கினதும் அடுத்த தடவை அடிக்க மணிக்குத் தானே சாவி கொடுக்கும். ஆனால் டிரைவரை இறக்கும் முன்னால் மணியை நிறுத்தச் சொல்லியும் எழுதியிருக்கிறாள். வரியை எனக்குக் காட்டினாள். எனக்கே புரிந்தது, நிறுத்து என்று தெளிவாகத்தான் இருந்தது. அப்படியானால் அடிப்பது யார்?

இன்னொரு எரிச்சல், கடையில் இருக்கும் எங்கள் மெஷினில் அதே கார்டை, அதே டிரைவரைப் போட்டு நாள் முழுக்க ஏற்றி இறக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை. ஷெட்டில்தான் விழும். அங்கேயும் எப்போதும் விழாது. அக்கா கார்டை மாற்றினாள், வயரை மாற்றினாள். ஷெட் உப்புக் காற்றின்மேல் நான் பழி போட்டேன். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். காலித் தராசாக இருந்தால் விழுவதே இல்லை. தராசின் மேல் சுமை இருந்து, எடை ஆடிக்கொண்டிருக்கும்போது இறக்கினால்தான் விழுகிறது. ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை. நாளைக்கு விமானம் என்ற நிலைமை வந்தும் பிடிபடவில்லை.

அன்று காலைதான் சபேட்டோ கிராமத்துக்குப் போக வேண்டும் என்றாள். நான்தான் கடை வேனை ஓட்டினேன். அண்ணன் வர மறுத்தான்.

"நம்மளத் தொரத்தினவங்ககிட்டயே போய், 'போயிட்டு வரட்டுமா'ன்னு கேக்கறதா? எனக்கு வெக்கமா இருக்கு."

"தொரத்தினது யாரோ. இவங்க நம்ம நிலத்துக்காரங்க. வரும்போது கேட்டுத்தானே வந்தோம்?"

"குத்தகைய நீட்டலையே."

"நீட்டலை. அது அவங்க பண்ணினது. சொல்லாமப் போனா அது நாம பண்ணினது. அந்தப் பேரு நமக்கு வேணாம்ணா."

உள்ளுக்குள் நான் அண்ணன் கட்சிதான். வுனிமோனோவில் என் அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். இவர்களிடம் போய்க் கையேந்தி விடை கேட்பது எனக்கும் கசந்தது. ஆனாலும் வேனை ஓட்டினேன். அக்கா முடிவு செய்துவிட்டால் வண்டி ஓட்டுவது ஒன்றுதான் நமக்கு மிச்சம்.

இந்த நாட்டில் ஒரு கிராமத்துக்குள் போகும்போதும் சரி, அங்கிருந்து கிளம்பும்போதும் சரி, இடித்துக் கலக்கிக் குடிக்கிற நங்கோனா வேரைக் கட்டாகக் கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்து உத்தரவு கேட்க வேண்டும். அக்கா சந்தையில் நல்ல கட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள். கிராமத்து மரியாதைக்காகச் சேலைக்கு மேல் இடுப்பில் ஒரு சூலுத் துணியைச் சுற்றிக்கொண்டாள். அங்கே எங்களுக்காகப் பேச ஃபோர்மேனே வந்தார், அந்தப் பெரியவர் அவருடைய மாமா.

பாயில் உட்கார்ந்தோம். பெரியவர் பக்கத்தில் இருந்த ஒருவரோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். அண்ணன் வேர்க்கட்டைப் பாயில் வைத்தான், கடிகாரத்தைப் பார்த்தான், "விநாகா" என்று ஒரு நன்றியைச் சொன்னான், எழுந்தும் விட்டான். பெரியவர் இன்னும் ஆஸ்பத்திரிக் கதையை முடிக்கவில்லை.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு. வெச்சா ஆச்சா? அவர் இன்னும் கேக்கவே இல்லை. கேட்டு, அதத் தொட்டு, சரின்னு சொல்லணும். அதுவரைக்கும் நாம போகலை."

"வெச்சாச்சு இல்ல. போதும், சலோ."

"நீ வெச்சுட்டுப் போயிடுவ. அவர் திரும்பிப் பாத்து, இங்க இன்னும் ஆள் இருக்குன்னு நினைச்சுப் பேசுவாரு."

அண்ணன் உட்கார்ந்தான். நாங்கள் காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கதை நிதானமாக முடிந்தது. பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்தார், கட்டை இரண்டு கையாலும் தொட்டார், ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கைகளைக் குவித்துத் தட்டினார், பிறகு பேசினார். ஃபோர்மேன் அதை எங்கள் இந்தியில் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நிறையப் பேர் போனார்கள், காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் ஜன்னல் இருக்காது, தகரம் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்கள், எங்களுக்கும் அது நன்றாக இல்லை என்றார். நீங்கள் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், நல்லபடியாகப் போங்கள், உங்கள் அப்பா வெட்டின கிணற்றை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "நீ எங்கள் பையன்களோடு பந்து ஆடினவன்தானே? ஒரு நாள் ஆட வராமல் போய்விட்டாய்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நிலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிணற்றுக்குப் பெயர் வைக்கிறாரே என்று எனக்குப் பொருமலாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அக்கா அந்தப் பாயிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தேன். துரத்தப்பட்டவள் அப்படி எழுந்திருக்கமாட்டாள்.

வேனில் ஏறினோம். மெயின் ரோடு திரும்பும் இடத்தில், "ஷெட்டுக்குப் போ" என்றாள்.

"வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டணும்" என்றான் அண்ணன்.

"ஷெட்டுக்குப் போ தம்பி."

இடுப்பில் சூலுத் துணியோடேயே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எனக்குப் புரிகிற மாதிரி விரலை மடக்கிச் சொன்னாள். ஷெட் மெஷினில் ப்ராசஸர் இரண்டு. ஏதோ ஆபீஸ் ஏலத்தில் விட்ட பெரிய மெஷின் அது. எங்கள் கடை மெஷினில் ஒன்றுதான். இங்கே ஒரு ப்ராசஸர் 'மணியை நிறுத்து, கிளம்பு' என்று சொல்கிற அதே நேரத்தில், இன்னொன்று மணிச் சத்தம் கேட்டுப் போய்த் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும். தராசில் சுமை ஆடினால் பார்த்து முடிக்க நேரமாகும். நிறுத்தச் சொன்னது அதன் காதில் விழாது. பார்த்து முடித்ததும், வழக்கம்போல அடுத்த மணிக்குச் சாவி கொடுத்துவிடும். அதற்குள் டிரைவர் வீட்டைக் காலி செய்துவிட்டிருக்கும்.

"நான் நிறுத்துன்னு சொன்னேன். கேட்டியான்னு கேக்கலை" என்றாள்.

திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிளம்பப் போகிறோம், இனிமேல் சாவி கொடுக்காதே என்று முதலில் ஒரு குறி. பிறகு, வேலையில் இருக்கிறது எதுவோ அது முடித்துவிட்டு வரும்வரை காத்திரு. வந்த பிறகு மணியை எடு. கடைசியில் இடத்தைக் காலி செய். கட்டின வரிசைக்கு எதிர்வரிசை, நடுவில் ஒரு காத்திருப்பு.

கிராமத்துப் பாயில்தான் அவளுக்கு இது உறைத்தது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அக்கா ஒப்புக்கொண்டதே இல்லை. "பெட்டி மூடியில எழுதினதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன், நீ கதை கட்டாதே" என்பாள். கண்டுபிடித்தது நானாக இருந்திருந்தால் கதைதான் முதலில் கட்டியிருப்பேன்.

ஃபோர்மேனின் ஆட்கள் இஞ்சி மூட்டைகளைத் தராசில் ஏற்றி ஆட்டினார்கள். அவள் டிரைவரை இறக்கினாள், ஏற்றினாள். விழவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"முந்தியும் சில நேரம் விழாமத்தானே இருந்துச்சு. விழலைங்கறத வெச்சு சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. நாளைக்கு நிஜச் சரக்கு ஏறும்போது கரண்ட் போனா, நீதான் இறக்கிப் பாக்கணும்."

"விழுந்தா?"

"விழாது. விழுந்தா மூடியில எழுதி வெச்சு எனக்கு ஃபோன் பண்ணு."

மறுநாள் விமான நிலையத்தில் அவள் சொல்லிக்கொள்ளாத ஆள் இல்லை. கூட்டுகிற அம்மாவிடம், வாசல் போலீஸ்காரரிடம், தன் பெட்டியைத் தள்ளி வந்தவரிடம், ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி, ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை நின்றாள். அண்ணன் முன்னே போய்க் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"உத்தரவு வாங்கிக்கறேன் தம்பி."

 தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவள் பெட்டியின் சக்கரத்தில் ஏதோ சரியில்லாத மாதிரிக் குனிந்து பார்த்தேன். அவள் போகவில்லை.

"சொல்லு."

"என்னக்கா சொல்றது?"

"நீ சொல்லாம நான் எப்படிப் போறது?"

பின்னால் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒலிபெருக்கியில் சிட்னி விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. அண்ணன் கண்ணாடியைத் தட்டினான். அவள் அசையவே இல்லை. ஃபோனில் மூச்சு மட்டும் கேட்குமே, அந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்கக்கா" என்றேன்.

என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். கதவுக்கு அப்பால் போன பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அதற்கு அவசியமும் இல்லை.

நான் சரக்கு ஷெட்டுக்கு நடந்தேன். பிற்பகல் விமானத்துக்குப் பப்பாளி ஏறிக்கொண்டிருந்தது. சிட்னி விமானம் ஓடுபாதையில் கிளம்பிய சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. அது அடங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கரண்ட் போனது, வந்தது. பேட்டரியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தராசின் கார்டுதான் மயங்கிவிட்டது. திரையில் கண்டபடி எடை ஓடியது. தராசின்மேல் பலகை நிறையப் பெட்டிகள். பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் தராசாக்கலாமா என்று நினைத்தேன். மேலாளர் கையில் கடிகாரத்தோடு வாசலில் நின்றார்.

ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்தார். "மிஸ் அக்கா போய்ட்டாளா?"

"சொல்லிட்டுத்தான் போனாங்க."

டிரைவரை இறக்கும் கட்டளையைத் தட்டினேன். திரை ஒரு கணம் நின்றது.  அது விழுந்து நின்ற நிற்பு இல்லை, உள்ளே யாரோ முடித்துவிட்டு வரட்டும் என்று நின்ற நிற்பு. அடுத்த வரி வந்தது, கர்சர் துடித்தது. திரும்ப ஏற்றினேன். பப்பாளியின் எடை வந்தது.

ஃபோர்மேன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார். பிறகு அடுத்த பலகையை ஏற்றச் சொல்லி ஆட்களிடம் குரல் கொடுத்தார்.